எச்சில் டெஸ்ட்ல எண்டோமெட்ரியோசிஸ் தெரிஞ்சுடுமா? லேப்ராஸ்கோப்பி இல்லாம கண்டுபிடிக்க வழி இருக்கா?

வெயிலூர்காரி
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போறவ, இப்ப ஒண்ணு கேக்கணும்னு இழை தொடங்கிட்டேன். வயசு 23, கல்யாணம் ஆகல. பீரியட்ஸ் வந்தா முதல் ரெண்டு நாள் சுருண்டு படுத்துக்கறதுதான், மாத்திரை போட்டா வாந்தியில போயிடுது, அந்த நேரத்துல மோஷன் போனா உயிர் போய் உயிர் வருது. வயித்து மேல வச்சு எடுக்குற ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு வந்துச்சு. இப்ப பாக்குற டாக்டரம்மா எண்டோமெட்ரியோசிஸா இருக்கலாம், அதாவது கர்ப்பப்பை உள் பூச்சு மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்ற நோய், உறுதியா தெரியணும்னா வயித்துல சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பாக்குற லேப்ராஸ்கோப்பிதான்னு சொல்லிட்டாங்க. எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடி வயித்துல ஓட்டை போடுறதா, நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல கேட்டா என்ன சொல்றதுன்னு ஒரே அழுகை. நேத்து ஒரு வீடியோல பிரான்ஸ்ல எச்சில் துப்பிக் குடுத்தா போதும், 96 சதவீதம் கரெக்டா சொல்லிடுதுன்னு போட்டிருந்தான். நிஜமா? நம்ம ஊர்ல கிடைக்குமா? இல்ல ரத்தத்துல பாக்குற சிஏ-125ங்கிற புரோட்டீன் டெஸ்ட் போதுமா?

லேப்_மேஜை
கோயமுத்தூர்ல லேப் வேலைங்க எனக்கு, அதனால கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். சிஏ-125 போதாதுங்க. அது 35க்கு மேல போனா ரிப்போர்ட்ல தடிச்ச எழுத்துல பக்கத்துல ஒரு எச் போட்டு வந்துடும், ஆனா பீரியட்ஸ் நேரத்துல எடுத்தாலே ஏறும், கர்ப்பத்துல ஏறும், ஃபைப்ராய்டுல ஏறும், வயித்து டிபில ஏறும், ஓவரி கேன்சர்லயும் ஏறும். டிபி இவ்ளோ இருக்குற நம்ம நாட்டுல இது சின்ன குழப்பம் இல்லைங்க. பல ஆய்வுகள ஒண்ணா சேர்த்துப் பாத்ததுல, 30ங்கிற அளவ வச்சா நோய் இருக்குற நூத்துல 52 பேரத்தான் பிடிக்குது, மீதிப் பேருக்கு "நார்மல்"னு கையில குடுத்து அனுப்பிடும். இங்கிலாந்து நைஸ் வழிகாட்டுதல், ஐரோப்பாவோட எஷ்ரே வழிகாட்டுதல் ரெண்டுமே நோயக் கண்டுபிடிக்க இத எடுக்காதீங்கன்னு எழுதி வச்சிருக்கு. இங்க என்னடான்னா பேக்கேஜ்ல சேர்த்து வித்துட்டு இருக்காங்க. ரிப்போர்ட் வாங்கின பொண்ணு மாடிப்படியிலயே நின்னு ஃபோன்ல தேடி, முதல்ல கேன்சர்னு பாத்துட்டு அங்கயே உக்காந்துடறாங்க, நான் பாத்துட்டே இருக்கேன்.

எச்சில் டெஸ்ட் வேற ஜாதிங்க. ஸிவிக்னு ஒரு பிரெஞ்சு கம்பெனி, டெஸ்ட் பேரு எண்டோடெஸ்ட். எச்சில்ல இருக்குற மைக்ரோ ஆர்என்ஏ, அதாவது செல்லு எந்த ஜீன எவ்ளோ ஓட்டணும்னு அடக்கி வைக்கிற குட்டித் துணுக்குங்க, அதுல 109 வகைய எடுத்து சீக்வென்சிங் பண்ணி, அந்த அளவுகள் சேர்ந்து வர்ற கோலத்த கம்ப்யூட்டர் பாத்து முடிவு சொல்லுது. ஒத்த மார்க்கர நம்பி ஏமாந்த கதை இந்தத் துறையில நிறைய, அதான் மொத்தமா பாக்கறாங்க. எங்க லேப்ல இதெல்லாம் எடுக்கறதில்லைங்க.

ஊசிமுனை
எல்லாம் பிசினஸ் பாஸ். புதுசா டெஸ்ட் வந்தா புதுசா பில்லு. பீரியட்ஸ் வலி எல்லா பொண்ணுக்கும் வர்றதுதான், எங்க பாட்டியெல்லாம் வயல்ல நாத்து நட்டாங்க.

நாஞ்சில்_அத்தை
தம்பி ஊசிமுனை, உங்க பாட்டி வயலில நின்னா வலி இல்லன்னு யாரு சொன்னா? சொல்லக் கூடாதுன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். எனக்கும் அப்பிடித்தான் சொன்னாவ, கல்யாணம் கழிஞ்சா சரியாவும், பிள்ள பெத்தா சரியாவும்னு. ஒண்ணும் சரியாவல. கடைசில கர்ப்பப்பைய எடுத்தப்பதான் ஓவரி, குடல் எல்லாம் ஒட்டிப் பிடிச்சு கெடக்குன்னு டாக்டரு சொன்னாரு. உலக சுகாதார நிறுவனமே பிள்ள பெறுற வயசுல உள்ள பெண்கள்ல பத்துல ஒருத்திக்கு இந்த நோய் இருக்குன்னும் கண்டுபிடிக்க 4லேர்ந்து 12 வருஷம் வரைக்கும் ஆவுதுன்னும் சொல்லுது. எச்சிலோ ரத்தமோ, சீக்கிரம் தெரிஞ்சா நல்லதுதானே. மோளே வெயிலூரு, பயப்படாத, அம்மைட்ட நான் வேணும்னா பேசுதேன்.

யாழினி_பாரிஸ்
நான் பாரிஸ் பக்கம்தான் இருக்கிறன், அதால இஞ்ச எப்பிடி நடக்குது எண்டு எழுதிறன். வீடியோவில சொல்ற மாதிரி பார்மசில போய் எச்சில் துப்பிப்போட்டு வாற கதை இல்லை. 2024 ஜனவரியில இஞ்சத்த மருத்துவ மதிப்பீட்டு ஆணையம், அதைத்தான் ஹாஸ் எண்டு சொல்லுறது, இது நல்ல நம்பிக்கையான டெஸ்ட், ஆனா முழுசா நிரூபிக்கேல்ல, அதால ஆய்வோட சேர்த்துத்தான் குடுக்கலாம் எண்டு சொன்னது. பிறகு 2025 பெப்ரவரியில அரசாங்கம் 25,000 பெண்களுக்குக் காசு கட்ட ஒத்துக்கொண்டு, குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில தொடங்கினவை. அதுவும் மூண்டாம் கட்டம். முதல்ல டொக்டர் கதைச்சு, கைவச்சுப் பாக்கோணும், பிறகு ஸ்கேன், எம்ஆர்ஐ, அதுகளில பிடிபடாமல் சந்தேகம் மட்டும் மிச்சம் இருந்தால்தான் எச்சில். சொந்தக் காசில எண்டால் 800 யூரோவுக்கு மேல.

எனக்கு எம்ஆர்ஐயிலயே தெரிஞ்சுபோச்சு, குடலுக்கு முன்னால ஒரு கட்டி மாதிரி. அந்த எம்ஆர்ஐயைப் பாத்தவ இந்த நோயை மட்டும் பாக்கிற ரேடியாலஜிஸ்ட். அதுக்கு முதல் வேற இடத்தில எடுத்ததில ஒண்டும் இல்லை எண்டு எழுதிக் குடுத்தவை.

கணக்கு_வாத்தியார்
பொண்ணுக்கு இதே பிரச்சினை இருக்கறதால நானும் கொஞ்சம் படிச்சிருக்கேன். அந்த 96 சதவீதத்த மட்டும் யாரும் சட்டுனு நம்பிட வேண்டாம், எண்ணிக்கைய பிரிச்சுப் பாக்கணும். 2022ல முதல் கட்டுரை, 2023ல வேற வேற ஆஸ்பத்திரியிலேர்ந்து 200 பேர எடுத்து மறுபடி சோதிச்சாங்க. அந்த 200 பேரும் ஏற்கனவே வலியோட, இந்த நோய்னு சந்தேகப்பட்டு வந்தவங்க. அதுல 159 பேருக்கு நிஜமாவே நோய். இல்லாதவங்க 41 பேர்தான். டெஸ்ட் 159ல 153 பேர பிடிச்சது, அதான் 96.2. இல்லாத 41ல 2 பேருக்கு இருக்குன்னு தப்பா சொல்லிடுச்சு, மீதி 39 பேருக்கு இல்லன்னு சரியா சொன்னது, அதான் 95.1. ஆக நெகட்டிவ் வந்தது மொத்தம் 45 பேருக்கு, அந்த 45ல 6 பேருக்கு நோய் இருந்துச்சு! "நெகட்டிவ் வந்துச்சு, நீ சும்மா நடிக்கிற"ன்னு வீட்ல சொல்றதுக்கு இது போதும், ஏழெட்டுப் பேர்ல ஒருத்தருக்கு அந்தப் பேச்சு அநியாயமா விழும்.

இன்னொண்ணு. இதே டெஸ்ட்ட சந்தேகமே இல்லாத பொண்ணுங்க ஆயிரம் பேருக்கு காலேஜ் கேம்ப் மாதிரி போட்டு எடுத்தா என்ன ஆகும்? பத்துல ஒருத்தர்னு வச்சா 100 பேருக்கு நோய், அதுல 96 பேருக்கு பாசிட்டிவ். நோய் இல்லாத 900ல 4.9 சதவீதம், 44 பேருக்கும் பாசிட்டிவ். மொத்த பாசிட்டிவ் 140, அதுல 44 பொய். மூணு பேர் பாசிட்டிவ்னு அழுதுட்டு வந்தா கிட்டத்தட்ட ஒருத்தருக்கு ஒண்ணுமே இல்ல. டெஸ்ட்டு மாறல, எடுக்குற கூட்டம்தான் மாறிச்சு. பிரான்ஸ்காரன் மூணாவது கட்டத்துல வச்சதுக்குக் காரணம் இந்தக் கணக்குதான்னு நினைக்கிறேன். கட்டுரைக்கு கம்பெனியும் காசு குடுத்திருக்கு, அதுக்காக பொய்னு சொல்ல வரல, ஆனா வெறும் 41 பேர வச்சு 95ன்னு அடிச்சுச் சொல்றது எனக்கு உதைக்குது.

ஊசிமுனை
நான் சொன்னேன்ல.

கணக்கு_வாத்தியார்
நீங்க சொன்னது பொண்ணுங்க நடிக்கிறாங்கன்னு. நான் சொல்றது வேற.

ஸ்கேன்ரூம்_திருச்சி
மொத்த இழையும் படிச்சேன். பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஸ்கேன் பாக்குறவ, அந்த உரிமையில கொஞ்சம் நீளமா எழுதிக்கறேன். எல்லாரும் எச்சில், ரத்தம்னு தேடுறீங்க, கத்தி இல்லாத ஒரு டெஸ்ட் நம்ம ஊர்லயே தெருவுக்குத் தெரு இருக்கு, அத சரியா பண்றதுதான் இல்ல.

தங்கச்சி வெயிலூர், உங்களுக்கு எடுத்தது வெளி ஸ்கேன். லிட்டர் கணக்குல தண்ணி குடிக்க வச்சு, யூரின் முட்டிக்கிட்டு வராந்தாவுல உக்காந்திருந்திருப்பீங்க, உள்ள போனா சீக்கிரமே முடிஞ்சிருக்கும். அதுல கர்ப்பப்பை, ஓவரி சைஸு, பெரிய சாக்லேட் சிஸ்ட், அதாவது இந்த நோயால ஓவரியில வர்ற கட்டி இருந்தா அது தெரியும். கர்ப்பப்பைக்கும் அதுக்குப் பின்னாடி இருக்குற குடலுக்கும் நடுவுல இருக்குற பள்ளத்துல என்ன நடக்குதுன்னு பெரும்பாலும் தெரியாது. உங்களுக்கு மோஷன் போகும்போது வலின்னா சந்தேகம் அந்தப் பள்ளத்துலதான். ஆக "நார்மல்"னு வந்தது அந்த எடத்தப் பாத்துட்டுச் சொன்ன நார்மல் கிடையாது.

உள் ஸ்கேன்ல, அதாவது கீழ்வழியா மெல்லிசான ப்ரோப் வச்சுப் பாக்குறதுல, சாக்லேட் சிஸ்ட்ட நூத்துக்கு 93 பிடிக்கலாம்னு ஆய்வுகளோட தொகுப்பு சொல்லுது. உள்ள பழைய ரத்தம் தேங்கி, திரையில உரசின கண்ணாடி மாதிரி ஒரே சீரா மங்கலா தெரியும், ஒரு தடவ பாத்தவங்க மறக்க மாட்டாங்க. சில பேருக்கு ரெண்டு ஓவரியும் பின்னாடி இழுபட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும். அப்புறம் ஸ்லைடிங் சைன்னு ஒண்ணு. ப்ரோப்ப லேசா அழுத்தி, இன்னொரு கையால வயித்து மேல மெதுவா தள்ளுவோம், தள்ளும்போது கர்ப்பப்பைக்குப் பின்னாடி குடல் வழுக்கிட்டு ஓடணும். ஓடாம ரெண்டும் ஒண்ணா நகர்ந்தா அங்க ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். அந்த நேரத்துல எந்த எடத்துல தொட்டா வலிக்குதுன்னு பொண்ணுகிட்ட கேட்டுக்கிட்டே பாக்கணும். இப்படித்தான் பாக்கணும்னு 2016லயே ஐடியா குழுன்னு ஒரு நிபுணர் குழு முறைய எழுதி வச்சாச்சு. புது மிஷின் எதுவும் வேண்டாம், கூட ஒரு பத்துப் பதினஞ்சு நிமிஷமும் பழகின கையும் போதும். ஆனா வெளியில பேஷண்ட் வரிசை நிக்கும்போது அந்த நேரத்த யாரும் குடுக்கறதில்ல, நானே நெரிசல் நாள்ல தவிக்கிறேன்.

லேப்ராஸ்கோப்பிதான் கடைசி வார்த்தைங்கிற பேச்சும் மாறிப்போச்சு. எஷ்ரே 2022 வழிகாட்டுதல்ல அத இனி தங்கத் தரம், அதாவது எல்லா டெஸ்டுக்கும் மேல இருக்குற அளவுகோல்னு சொல்லாதீங்கன்னு தெளிவா எடுத்துட்டாங்க. ஸ்கேன், எம்ஆர்ஐ ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல, இல்ல மருந்து குடுத்தும் கேக்கல, இல்ல மருந்து குடுக்க முடியாத நிலைமை, அப்பத்தான் யோசிக்கச் சொல்றாங்க. அது மயக்க மருந்து குடுத்து, தொப்புள்கிட்ட கேஸ் ஏத்தி, கேமரா விட்டுப் பாக்குற ஆபரேஷன், சும்மா எட்டிப் பாக்குறது இல்ல. ஸ்கேன் நார்மல்னா நோய் இல்லன்னும் எடுத்துக்கக் கூடாது, அதையும் அதே வழிகாட்டுதல் சொல்லுது. வயித்துக்குள்ள ஜவ்வு மேல சின்னப் புள்ளி புள்ளியா படர்ற வகை எங்க திரையில தெரியவே தெரியாது.

வெயிலூர்காரி
அக்கா, உள் ஸ்கேன் எடுக்கலாமான்னு நானே கேட்டேன். ரிசப்ஷன்லயே "மிஸ்ஸா மிசஸ்ஸா"ன்னு கேட்டுட்டு, மிஸ்ஸுன்னதும் அதெல்லாம் எடுக்க மாட்டோம்னுட்டாங்க. டாக்டர்கிட்ட போற வரைக்கும் கூட விடல.

ஸ்கேன்ரூம்_திருச்சி
இது எல்லா ஊர்லயும் நடக்குதும்மா, கேக்கவே கோவமா வருது. கேக்க வேண்டியது கல்யாணம் ஆச்சாங்கிறது இல்ல, உனக்கு இந்த ஸ்கேன் சம்மதமாங்கிறது, அதுவும் தனியா, அம்மா பக்கத்துல இல்லாம கேக்கணும். சம்மதம் இல்லன்னாலும், உடலுறவு இல்லாததால சங்கடம்னாலும் ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஆசனவாய் வழியா அதே ப்ரோப்ப வச்சுப் பாக்குறது, கேக்க ஒரு மாதிரி இருந்தாலும் அந்தப் பள்ளம் நல்லாவே தெரியும். இன்னொண்ணு எம்ஆர்ஐ. ஆழமா குடல் பக்கம் போயிருந்தா எம்ஆர்ஐ நல்லா பிடிக்கும். ஆனா சீட்டுல வெறும் "வயித்து வலி"ன்னு எழுதி அனுப்பினா சாதாரணமா எடுத்துட்டு அனுப்பிடுவாங்க. "எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம், குடல் பகுதியும் பாக்கவும்"னு எழுதி வாங்குங்க, எடுக்குற முறையே மாறும், படிக்கிறவங்க கண்ணும் அங்க போகும்.

யாழினி_பாரிஸ்
இதைத்தான் நானும் சொன்னனான். ரெண்டு எம்ஆர்ஐயும் ஒரே வயிறுதான், வாசிச்ச ஆள்தான் வேற.

லேப்_மேஜை
அக்கா சொல்றது சரிங்க, ஆனா ஒரு விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். பழகின கை, பழகின கைன்னு சொல்றீங்க, அந்தக் கை எத்தனை ஊர்ல இருக்குங்க? வால்பாறைல இருக்குற பொண்ணு கீழ எறங்கி வரணும். ரத்தமோ எச்சிலோன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல எடுத்து ஐஸ் பெட்டியில போட்டு அனுப்பிடலாம், எடுக்கறவங்களுக்கு ரொம்ப திறமை வேண்டாம், மிஸ்ஸா மிசஸ்ஸான்னும் யாரும் கேக்க மாட்டாங்க. நீங்களே சொன்ன அந்தப் புள்ளி புள்ளி வகைய எந்தக் கையும் பிடிக்காது. அதனால மூலக்கூறு டெஸ்ட் வேணும்ங்க, வந்தே ஆகணும்.

உலகம் பூரா ஓடிட்டும் இருக்கு. ஆஸ்திரேலியாவுல பெர்த்ல புரோட்டியோமிக்ஸ் இன்டர்நேஷனல்னு ஒரு கம்பெனி, ரத்தத்துல 10 புரோட்டீன வச்சு, 800 பேருக்கு மேல எடுத்து கட்டுரை போட்டாங்க. ஆனா உள்ள போய்ப் பாத்தா வாத்தியார் சொன்ன சங்கதியேதான். நல்லா இருக்குற பொதுப் பெண்களோட ஒப்பிட்டா பிரமாதமா பிரிச்சுடுது. வலி இருந்தும் இந்த நோய் இல்லாதவங்களோட ஒப்பிட்டா தடுமாறுது. ரொம்ப முத்தின நிலையில மட்டும் மறுபடி நல்லா வருது. டாக்டர்கிட்ட வர்றவங்க எல்லாருமே வலியோடதான வர்றாங்க, அந்த நடு ஒப்பீடுதாங்க முக்கியம்.

எனக்கு மனசுக்குப் பிடிச்சது அமெரிக்காவுல ஃபைன்ஸ்டைன் ஆய்வு நிலையத்துல பண்றது. மாதவிடாய் ரத்தத்தையே எடுக்கறாங்க. மாசா மாசம் தானா வெளிய வர்ற திசு, ஊசியும் இல்ல கத்தியும் இல்ல, பொண்ணு வீட்லயே கப்புல பிடிச்சு கூரியர்ல அனுப்பிடுது. கர்ப்பப்பை உள் பூச்சோட செல்லெல்லாம் அதுல உயிரோடயே வருது. 2022ல ஒவ்வொரு செல்லா பிரிச்சுப் பாத்தப்ப, நோய் இருக்குறவங்களுக்கு கர்ப்பப்பைல இருக்க வேண்டிய ஒருவகை நோய் எதிர்ப்பு செல்லு குறைவா இருந்துச்சு, கர்ப்பத்துக்குத் தயாராகற மாற்றத்துக்கு உள் பூச்சோட செல்லுங்களும் சரியா ஒத்துழைக்கல. பெரிய அளவுல சோதிச்சு டெஸ்ட்டா வர்றதுக்கு இன்னும் வேலை இருக்கு. ஆனா நோய் எங்க பொறக்குதுன்னு பலரும் நினைக்கிறாங்களோ அந்த எடத்துலேர்ந்தே சாம்பிள் வருது பாருங்க.

நாஞ்சில்_அத்தை
அய்யோ, தீட்டுன்னு துணிய ஒளிச்சு ஒளிச்சு காயப்போட்ட எங்க காலத்த நெனச்சுப் பாக்கேன். இப்ப அதையே கூரியர்ல ஆராய்ச்சிக்கு அனுப்புதாவ! நல்லா வரட்டு.

கணக்கு_வாத்தியார்
நம்ம நாட்டு பெண்கள வச்சு யாராவது பண்றாங்களா? பிரெஞ்சுப் பெண்கள் எச்சில வச்சுப் பழக்கின கம்ப்யூட்டரு நம்ம பொண்ணுங்களுக்கும் அப்படியே சரியா சொல்லும்னு என்ன உத்தரவாதம்?

லேப்_மேஜை
சரியான கேள்விங்க வாத்தியாரே, இங்க தனியா சோதிக்காம சொல்ல முடியாது. மும்பைல ஐசிஎம்ஆரோட, அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனம் இருக்குங்க, அவங்க தலைமையில நாட்டுல பல எடத்துலேர்ந்து எண்டோமெட்ரியோசிஸ் இருக்குற, இல்லாத பெண்களோட விவரமும் ரத்த சாம்பிளும் சேர்த்து மரபணு பாக்குற ஆய்வு ஒண்ணு நடக்குது. அது டெஸ்ட் இல்லைங்க. ஆனா நாளைக்கு யாராவது இங்க டெஸ்ட் பண்ணணும்னா இந்த மாதிரி சேகரிப்புதான் அடி மண்ணு.

ஸ்கேன்ரூம்_திருச்சி
லேப் தம்பி, வால்பாறை பாயின்ட்ட ஒத்துக்கறேன், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா ஒண்ணு யோசிங்க. எச்சில் பாசிட்டிவ்னு வந்துச்சுன்னு வைங்க, அது எங்க இருக்கு, குடல்லயா, மூத்திரக் குழாய் பக்கமா, எவ்ளோ ஆழம்னு எச்சில் சொல்லாது. குழந்தைக்கு முயற்சி பண்றதா, மாத்திரை போதுமா, ஆபரேஷனா, இதெல்லாம் அந்த எடத்த வச்சுத்தான் முடிவாகும். அதுக்கு அந்தப் பொண்ணு மறுபடி எங்கிட்டதான் வரணும். ஸ்கேன்லயே புண்ணு எங்கன்னு பாக்க வேற முயற்சியும் நடக்குது, ஆக்ஸ்ஃபோர்டுல மாரசிக்லடைடுன்னு லேசான கதிரியக்க மருந்த ஊசியில ஏத்தி, புதுசா ரத்தக் குழாய் முளைக்கிற எடத்துல அது போய் ஒட்டிக்கறத படமா எடுக்கறாங்க. அது தேறினா திரையில தெரியாத அந்தப் புள்ளி வகையும் தெரியலாம். ஆனா ஊசி, கதிரியக்கம், பெரிய மிஷின், அதுவும் வால்பாறைக்குப் போகாது.

வெயிலூர்காரி
எல்லாருக்கும் நன்றி, கேட்ட விஷயத்த விட நிறைய கிடைச்சுது. ஒரு சந்தேகம், டெஸ்ட் எதுவுமே உறுதியா சொல்லாம மருந்து ஆரம்பிக்கலாமா? அம்மாவுக்கு ஹார்மோன் மாத்திரைன்னாலே பயம், குழந்தை பொறக்காதுன்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்க.

ஸ்கேன்ரூம்_திருச்சி
ஆரம்பிக்கலாம், இப்ப நிறைய டாக்டருங்க அப்படித்தான் பண்றாங்க. டயனோஜெஸ்ட்ங்கிற ஹார்மோன் மாத்திரை, இல்ல கருத்தடை மாத்திரை வகை, உங்க உடம்புக்கு எது ஒத்து வரும்னு உங்க டாக்டரம்மாதான் சொல்லணும், நான் இங்கேர்ந்து சொல்ல மாட்டேன். நிறுத்தினா சுழற்சி திரும்பிடும், நிரந்தரமா குழந்தைய தடுக்குற மருந்து இல்லன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. மருந்துல வலி குறைஞ்சா நோய் இதுதான்னு நிரூபணமும் இல்ல, குறையலன்னா இது இல்லன்னும் இல்ல, ஆனா நீங்க காலேஜோ வேலையோ போக முடியுதுல்ல, அது பெருசு.

வெயிலூர்காரி
அம்மாவும் நானும் பேசினோம். அத்தை தனியா மெசேஜ்ல அம்மாகிட்ட பேசினது ரொம்ப உதவுச்சு. முதல்ல எம்ஆர்ஐ எடுக்கறோம், சீட்டுல அக்கா சொன்ன மாதிரியே எழுதி வாங்கிட்டேன். பீரியட்ஸ் நேரத்துலதான் எடுக்கணுமா, முடிஞ்சப்புறமா?

ஸ்கேன்ரூம்_திருச்சி
பொதுவா எந்த நாள்லயும் எடுக்கலாம், வலி நாள்ல போய் மிஷினுக்குள்ள அசையாம படுக்க கஷ்டப்பட வேண்டாம். குடல் அசைவக் குறைக்க ஒரு ஊசி போடுவாங்க சில எடத்துல, சாப்பிடாம வரணுமான்னு முன்னாடியே ஃபோன்ல கேட்டுக்கோங்க. அப்படியே இந்த நோய் எம்ஆர்ஐ அடிக்கடி படிக்கிறவங்க யாரு, அவங்க எந்த நாள் இருப்பாங்கன்னும் கேளுங்க. பதில் சொல்ல யோசிச்சாங்கன்னா வேற எடம் பாக்கலாம். பழைய வெளி ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.